கயிற்றில் ஒட்டிய மணல்

1909-ஆம் ஆண்டு. திருவிதாங்கூரிலிருந்து கப்பலேறிய தேங்காய் நார்க் கயிற்றில் மணல் ஒட்டியிருந்தது. ஷோம்பர்க் என்ற ஜெர்மானிய வேதியியலாளர் அதைச் சோதித்தார். மோனசைட்! கயிறு வந்த வழியைத் தேடினால் மணவாளக்குறிச்சிக் கடற்கரை. மறு ஆண்டே அங்கே அவருடைய ஆலை எழுந்தது.

மோனசைட்டில் அவர் தேடியது தோரியம். அணு எண் 90. சுவீடனின் பெர்சீலியஸ் 1829-இல் நார்வே நாட்டுக் கனிமம் ஒன்றில் கண்டறிந்த தனிமம். அது கதிர்வீசும் என்று 1898-இல் கெர்ஹார்ட் ஷ்மிட்டும் மேரி கியூரியும் தனித்தனியே கண்டார்கள். ஆனால் ஷோம்பர்க் காலத்தில் தோரியத்துக்கு அத்தனை கிராக்கி வந்தது வெளிச்சத்துக்காக.

பெட்ரோமாக்ஸ் மேன்டிலைப் பார்த்தவர்களுக்கு இது எளிதில் விளங்கும். அதன் மூலவடிவம் ஆஸ்திரியரான ஆவர் ஃபான் வெல்ஸ்பாக்கினுடையது. நூல் வலையைத் தோரியம், சீரியம் நைட்ரேட் கரைசலில் ஊறவைத்துக் காயவைப்பார்கள். முதல்முறை பற்றவைத்ததும் நூல் எரிந்துபோகும். ஆக்சைடுச் சாம்பல் மட்டும் பை வடிவம் குலையாமல் நிற்கும். தோரியம் ஆக்சைடு உருக 3,300 டிகிரி செல்சியசுக்கு மேல் வேண்டும். விளக்குச் சுடர் அதை ஒன்றும் செய்யாது. தோரியம் மட்டும் இருந்தால் ஒளி மங்கல். பல ஆண்டு முயன்று 1891-இல் அவர் கண்ட விகிதம்: தோரியம் ஆக்சைடு 99 பங்கு, சீரியம் ஆக்சைடு ஒரு பங்கு. கண்ணைப் பறிக்கும் வெள்ளை ஒளி! ஐரோப்பியத் தெருக்களின் கேஸ் விளக்குகள் அதில்தான் எரிந்தன.

தோரியத்தின் ஆல்ஃபா கதிர் தோலைத் தாண்டாது. அதன் தூசி நுரையீரலில் தங்கினால்தான் ஆபத்து. அந்தத் தூசியிலேயே உட்கார்ந்து மேன்டில் செய்தவர்களைப் பற்றி விளக்கின் வரலாற்றை எழுதியவர்கள் போதிய அக்கறை காட்டவில்லை என்பது என் வருத்தம். பின்னாளில் பல நாடுகளில் தோரியத்துக்குப் பதில் யிட்ரியம் வந்தது.

முதல் உலகப் போரில் உளவாளி என்று ஷோம்பர்க் கைதானார். ஆலை லண்டன் கம்பெனி ஒன்றின் கைக்குப் போனது. 1945-இல் அணுகுண்டு வெடித்தபின் மணலின் மதிப்பே வேறாயிற்று. திருவிதாங்கூரைத் தனி நாடாக்க முயன்ற திவான் சர் சி.பி. ராமசாமி ஐயர் நம்பியவற்றுள் இந்த மணலும் ஒன்று.

தோரியம் தானாக எரிபொருள் ஆகாது. ஒரு நியூட்ரானை விழுங்கி, புரோட்டாக்டினியமாகி, பிறகு யுரேனியம்-233 ஆக வேண்டும். அந்த யுரேனியத்தால் இயங்கும் 'காமினி' ஆய்வு உலை 1996-இல் கல்பாக்கத்தில் உயிர்பெற்றது. அதன் திறன் 30 கிலோவாட்.

(தொடரும்)