கல் பலகைக்குக் கீழே: பெங்களூரு நடைபாதைகளும் அத்திபெலேயும்

பெங்களூருவின் பழைய சாலை ஓரங்களில் நடப்பவர் பெரும்பாலும் மழைநீர்க் கால்வாயின் மேல்தான் நடக்கிறார். கால்வாயை மூடிய கல் பலகைகளே அங்கு நடைபாதை. ஒரு பலகை உடைந்தாலோ, கேபிள் போட வந்தவர்கள் அதைப் பெயர்த்துவிட்டுப் போனாலோ நடப்பவர் சாலையில் இறங்க வேண்டியதுதான். எனவே இந்நகரில் நடைபாதையின் வரலாற்றை, தரைக்கடியில் நடந்த வேலைகளின் வரலாறாகவே படிக்க வேண்டும் என்பது இக்கட்டுரையின் கருத்து.

கெம்பே கௌடர் 1537-இல் உருவாக்கிய பேட்டையில் தொட்டபேட்டையும் சிக்கப்பேட்டையும் குறுக்கே சந்தித்தன. கால்நடையாக வந்தவர்களும் சுமை சுமந்தவர்களும் வண்டிகளும் ஒரே தெருவில் புழங்கினர். நடப்பவருக்கெனத் தனி ஓரம் தேவைப்படவில்லை. 1809-இல் ஆங்கிலேயப் படையின் கண்டோன்மென்ட் எழுந்தபோது அகன்ற சாலைகள் வந்தன. மோட்டார் வண்டிகள் பெருகியபின் ஒவ்வொரு அகலப்படுத்தலும் ஓரத்தைத்தான் தின்றது.

திருப்பம் 2010-களில் வந்த ‘டெண்டர்ஷ்யூர்’ திட்டம். ஜனா அர்பன் ஸ்பேஸ் அமைப்பு வகுத்த இந்த விதிமுறைகளின்படி விட்டல் மல்லையா சாலை, ரெசிடென்சி சாலை, கன்னிங்ஹாம் சாலை போன்றவை மாற்றி அமைக்கப்பட்டன. அதன் தர்க்கம் எளிமையானது. ஒரு சாலை ஓரிடத்தில் நான்கு தடமாகவும் அடுத்த இடத்தில் இரண்டு தடமாகவும் இருந்தால், போக்குவரத்தின் வேகத்தைக் குறுகிய இடமே தீர்மானிக்கிறது. அகன்ற இடத்தின் உபரியால் வண்டிகளுக்குப் பயனில்லை; அதை நடப்பவருக்குக் கொடுக்கலாம். ஆகவே தடங்களின் அகலம் முழு நீளத்துக்கும் ஒரே அளவாக்கப்பட்டது. குடிநீர், கழிவுநீர், மின்சாரம், தொலைத்தொடர்பு எல்லாம் ஒரே ஒப்பந்தத்தில், திறந்து மூடும் அறைகளோடு நிலத்தடியில் இடம்பெற்றன. நெரிசல் மிக்க நகரில் சாலையைக் குறுக்குவதா, இவ்வளவு செலவா என்று கண்டனம் எழுந்தது. செலவு குறித்த கேள்வி நியாயமானது. ஆனால் மலிவாகப் போட்ட பாதையைத் திரும்பத் திரும்பத் தோண்டும் செலவை யாரும் கணக்கில் எழுதவில்லை.

அடுத்தது சர்ச் ஸ்ட்ரீட். சுமார் 700 மீட்டர் நீளமுள்ள இத்தெரு கல் பாவப்பட்டு 2018-இல் திறக்கப்பட்டது. 2020 நவம்பர் முதல் சில மாதங்கள், வார இறுதிகளில் அங்கு வண்டிகளுக்குத் தடை விதிக்கப்பட்டது. நகர்ப்புற நிலப் போக்குவரத்து இயக்ககம் முன்னின்று நடத்திய அச்சோதனையின் விளைவுகளை இந்திய அறிவியல் கழகம் ஆராய்ந்தது. வண்டி வராவிட்டால் வியாபாரம் படுத்துவிடும் என்ற கடைக்காரர்களின் அச்சம் உலகெங்கும் உண்டு. 1962-இல் கோபன்ஹேகனின் ஸ்ட்ரோயட் தெருவை நடப்பவருக்கு ஒதுக்கியபோதும் அதே எதிர்ப்புதான். அந்தத் தெரு இன்றும் அந்நகரின் பெரிய கடைவீதி.

இவை எல்லாம் நகரின் நடுவே. தமிழ்நாட்டு எல்லையை ஒட்டிய அத்திபெலேக்கு இந்த வரலாறு வந்து சேரவில்லை. ஓசூர் சாலையில் சில்க் போர்டிலிருந்து எலெக்ட்ரானிக் சிட்டி வரை சுமார் 10 கி.மீ. மேம்பாலச் சாலை 2010-இல் வண்டிகளுக்குத் திறந்தது. அதே நெடுஞ்சாலை அத்திபெலேயின் ஊடே போகிறது. ஆனேக்கல், சர்ஜாபுரம் பக்கத்துச் சாலைகள் இங்கு வந்து சேர்கின்றன. தொழிற்பேட்டைக்குப் போகிறவர்களும் ஓசூர் பஸ் பிடிக்கிறவர்களும் அந்த நெடுஞ்சாலையின் அகலத்தை நடந்தே கடக்கிறார்கள். இந்தியச் சாலைக் காங்கிரசின் வழிகாட்டி தடையற்ற நடைப் பகுதிக்குக் குறைந்தது 1.8 மீட்டர் கேட்கிறது. இரண்டு பேர் அக்கம்பக்கமாகப் போக அதுவே போதுமான அளவு.

அத்திபெலேயில் அதை அமைப்பதற்குத் தடை பணம் மட்டுமல்ல. டெண்டர்ஷ்யூரின் உயிர் ஒரே ஒப்பந்தம், ஒரே பொறுப்பு. அத்திபெலேயில் நெடுஞ்சாலை தேசிய நெடுஞ்சாலை ஆணையத்தின் கீழ். ஊர்த் தெருக்கள் புரசபை எனும் நகராட்சியின் கையில். மின்கம்பமும் கேபிளும் வேறு வேறு கைகளில். நெடுஞ்சாலையைத் தொட புரசபைக்கு அதிகாரமில்லை. கடைத்தெருவைத் தொட உண்டு. அங்கே கால்வாயையும் கேபிளையும் ஒரே தடவையில், ஒரே ஒப்பந்தத்தில் புதைத்துவிட்டு, அதன்பின் மேலே கல் பாவுவதுதான் முதல் வேலை.