அரிவாள் செல் சோகைப் பரிசோதனைகளின் வரலாறு

அரிவாள் செல் சோகை என்பது மரபுவழி வரும் இரத்தச் சிவப்பணுக் கோளாறு ஆகும். மாறுபட்ட மரபணுவைத் தாய், தந்தை இருவரிடமிருந்தும் பெறும் குழந்தைக்கு நோய் உண்டாகிறது. ஒருவரிடமிருந்து மட்டும் பெறுபவர் 'கடத்தி' எனப்படுகிறார். அவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். நோயாளியையும் கடத்தியையும் பிரித்தறிவதே இந்நோய்க்கான ஆய்வகப் பரிசோதனைகளின் முதன்மையான சிக்கலாக இருந்து வந்துள்ளது.

நுண்ணோக்கிச் சோதனைகள்

1910 இல் சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக், கிரெனடா தீவைச் சேர்ந்த பல் மருத்துவ மாணவர் ஒருவரின் இரத்தத்தில் அரிவாள் போல் வளைந்த சிவப்பணுக்கள் காணப்பட்டதைப் பதிவு செய்தார். 1917 இல் விக்டர் எம்மல், ஒரு துளி இரத்தத்தைக் கண்ணாடித் தகடுகளுக்கிடையே காற்றுப் புகாமல் அடைத்து வைத்து, அணுக்கள் வளைவதைக் கண்டார். நோயாளியின் தந்தைக்கு நோய்க்குறி ஏதும் இல்லாதபோதும் அவருடைய அணுக்களும் வளைந்தன. ஆக்சிஜன் குறைவே இதற்குக் காரணம் என்பதை 1927 இல் ஹான், கில்லெஸ்பி ஆகியோர் விளக்கினர். இச்சோதனை எளியது, ஆனால் நோயாளி, கடத்தி இருவரிடமும் ஒரே முடிவையே தந்தது.

மின்புலச் சோதனை

1949 இல் லைனஸ் பாலிங், ஹார்வி இட்டானோ முதலியோர் ஹீமோகுளோபினை மின்புலத்தில் நகரவிட்டு ஆராய்ந்தனர். எலக்ட்ரோபோரெசிஸ் எனப்படும் இம்முறையில், இயல்பான ஹீமோகுளோபினும் நோயாளியின் ஹீமோகுளோபினும் வெவ்வேறு வேகத்தில் நகர்ந்தன. கடத்தியின் இரத்தத்தில் இரண்டு வகைகளும் இருந்தன. எம்மல் கண்ட தந்தையின் புதிருக்கு இவ்வாறு விடை கிடைத்தது. அதே ஆண்டில் ஜேம்ஸ் நீல், நோயாளிகளின் பெற்றோர் கடத்திகளாக இருப்பதைக் காட்டினார். வேறுபாடு எங்கே உள்ளது என்பதை வெர்னான் இங்கிராம் கேம்பிரிட்ஜில் கண்டறிந்தார். குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டிய ஓரிடத்தில் வாலின் இருப்பதை அவர் 1957 இல் வெளியிட்டார்.

இதற்கிடையே, 1952 இல் லெஹ்மன், கட்புஷ் ஆகியோர் நீலகிரிப் பழங்குடியினரிடம் இந்தப் பண்பு இருப்பதைக் கண்டறிந்தனர். ஆப்பிரிக்க வம்சாவளியினருக்கு மட்டுமே உரியது என்று பரவலாகக் கருதப்பட்ட நோய், இந்தியாவிலும் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

பரிசோதனையும் பாகுபாடும்

1970களின் தொடக்கத்தில் அமெரிக்க மாநிலங்கள் சில, கறுப்பின மக்களைக் குறிவைத்து இப்பரிசோதனையைக் கட்டாயமாக்கின. மலிவான கரைதிறன் சோதனை பரவலாகப் பயன்பட்டது. இரத்தத்தை வேதிக் கரைசலில் கலந்தால் கலங்கல் தோன்றும். ஆனால் அது நோயா, கடத்தி நிலையா என்பதை இச்சோதனை பிரித்துக் காட்டாது. போதிய ஆலோசனை இல்லாத நிலையில் கடத்திகள் நோயாளிகளாகவே கருதப்பட்டனர். வேலைவாய்ப்பிலும் காப்பீட்டிலும் சிலர் பாகுபாட்டுக்கு ஆளாயினர். 1972 இல் இயற்றப்பட்ட கூட்டரசுச் சட்டம், தன் நிதியில் நடைபெறும் திட்டங்களில் பரிசோதனை விருப்பத்தின் பேரிலேயே நடக்க வேண்டும் என்றது. மரபியல் ஆலோசனைக்கும் வழிசெய்தது.

பிறந்த குழந்தைகளுக்கான பரிசோதனை

பிறந்த குழந்தையின் உடலில் கருநிலை ஹீமோகுளோபின் மிகுதியாக இருப்பதால் கரைதிறன் சோதனை அங்கே பயன்படாது. ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்துக் காட்டும் முறைகளே தேவை. 1986 இல் வெளியான அமெரிக்க ஆய்வு ஒன்று, நோயுள்ள குழந்தைகளுக்குப் பென்சிலினை முன்கூட்டியே கொடுத்தால் உயிர்க்கொல்லித் தொற்றுகள் பெருமளவு குறையும் என நிறுவியது. அதன்பின் பிறந்தவுடன் கண்டறிவது உயிர்காக்கும் செயலாயிற்று.

இந்தியாவில் 2023 ஜூலை 1 அன்று தேசிய அரிவாள் செல் சோகை ஒழிப்பு இயக்கம் தொடங்கப்பட்டது. பழங்குடிப் பகுதிகளில் 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இதன் இலக்கு. முதற்கட்டச் சோதனையில் கண்டறியப்படுபவர்களுக்கு ஹீமோகுளோபின் வகைகளைப் பிரித்தறியும் உறுதிச் சோதனை செய்யப்படுகிறது. அதன் பிறகே ஒருவர் நோயாளியா, கடத்தியா என்பது முடிவாகிறது.