துணியில் இருக்கிற தண்ணி எங்கே போகும்? – ஒரு டிரையர் சரித்திரம்

கோவில்பட்டியில் எங்கள் வீட்டு மொட்டைமாடியில், அம்மா கடைசித் துணியைக் கொடியில் போட்டுவிட்டுத் திரும்பும்போது முதலில் போட்டது காய்ந்திருக்கும். அந்தக் கரிசல் வெயிலில் வளர்ந்தவனுக்குத் துணி காய்வதெல்லாம் தானாக நடக்கிற காரியம். மாற்றலாகி மும்பைப் பக்கம் வந்து பதினாலு வருஷம் ஆகிறது. ஜூன் பிறந்தால் செப்டம்பர் வரை பனியன் காய்வதே ஒரு பெரிய பிராஜெக்ட் என்பது இங்கே வந்துதான் தெரிந்தது :-)

போன மழைக்காலத்தில் அம்மா எங்களோடு இருந்தார்கள். ஹாலில் குறுக்கும் நெடுக்குமாகக் கொடி. மேலே ஃபேன். சாரல் அடிக்கிறதே என்று ஜன்னலெல்லாம் மூடல். பத்தே நாளில் அம்மாவுக்கு இளைப்பு வந்துவிட்டது. ராத்திரி முழுக்க உட்கார்ந்தபடியேதான் தூக்கம். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டு, முதலில் வீட்டுக்குள் ஈரத்துணி போடுவதை நிறுத்துங்கள் என்றார்.

இத்தனைக்கும் வீட்டில் வாஷர் டிரையர் இருக்கிறது. ஒரே மிஷின், துவைத்துக் காயவும் வைக்கும். காற்றை வெளியே விடச் சுவரில் ஓட்டை வேண்டாம் என்பதால்தான் வாங்கினேன். ஆனால் மூணு மணி நேரம் ஓடியும் துணி சொதசொதவென்றுதான் வரும். அதைத்தான் ஹாலில் போட்டுக்கொண்டிருந்தோம். "ஒன் மிஷினு நல்லாத்தான் தொவைக்குது ய்யா, காயத்தான் வைக்க மாட்டேங்குது" என்றார்கள் அம்மா. தங்கமணி என்னை ஒரு பார்வை பார்த்தார். மிஷினைத் தேர்ந்தெடுத்தது அடியேன்.

அப்போதுதான் இதன் பூர்வீகத்தைத் தோண்ட ஆரம்பித்தேன். நான் பி.காம். எனக்கும் விஞ்ஞானத்துக்கும் பத்தாங்கிளாஸோடு உறவு முடிந்தது. ஆனால் படிக்கப் படிக்க, அட, இது நம்ம டபுள் என்ட்ரி சமாசாரம் என்று புரிந்தது. துணியில் பற்று எழுதிய தண்ணீரை வேறெங்காவது வரவு வைத்தே ஆகவேண்டும். டிரையரின் இருநூறு வருஷக் கதையே அந்த வரவை எங்கே வைப்பது என்பதுதான்.

1800 வாக்கில் பிரான்ஸில் போஷோன் என்பவர் ஓட்டை போட்ட உலோகப் பீப்பாய்க்குள் ஈரத்துணியைப் போட்டு, நெருப்புக்கு மேலே கையால் சுற்றினார். 1892ல் அமெரிக்காவின் ஓஹையோவில் ஜார்ஜ் சாம்ப்சன் என்ற கறுப்பினத்தவர், அடுப்புக்கு மேலே துணி தொங்கவிடும் சட்டத்துக்குக் காப்புரிமை வாங்கினார். இரண்டிலும் சூடு உண்டு. ஆனால் ஈரம் அறைக்குள்ளேயேதான் வரவு. எங்கள் ஹால் மாதிரி.

அடுத்தவர் ராஸ் மூர், வடக்கு டகோட்டாக்காரர். உறைபனியில் அம்மா துணி உலர்த்தப் படுகிற பாட்டைப் பார்க்கமுடியாமல், ஒரு கொட்டகை போட்டு உள்ளே அடுப்பு வைத்து ஆரம்பித்தவர். பிறகு சுழலும் டிரம் வைத்த மிஷினாக அதை வளர்த்து, கம்பெனி கம்பெனியாக ஏறி இறங்கினார். கடைசியில் ஹாமில்டன் என்ற நிறுவனம் எடுத்துக்கொண்டு 1938ல் விற்பனைக்கு விட்டது. பெயர் 'ஜூன் டே'. அங்கே ஜூன் என்றால் நல்ல வெயில் நாள். மும்பைக்காரனிடம் அந்தப் பெயரைச் சொன்னால் அடிக்க வருவான்! வெறும் பெட்டியை எவன் வாங்குவான், கதவில் கண்ணாடி வைத்து உள்ளே கலர் டிராயர்களைச் சுற்றவிடுங்கள் என்று யோசனை சொன்னவர் புரூக்ஸ் ஸ்டீவன்ஸ் என்ற வடிவமைப்பாளர்.

அதன்பின் அமெரிக்க வீடுகளில் பரவிய டிரையர்கள் ஈரக்காற்றைக் குழாய் வழியே தெருவுக்கு அனுப்பின. வரவு ஊர்க்கணக்கில். தனி வீட்டுக்குச் சரி, அடுக்குமாடியில் எல்லோராலும் சுவரை உடைக்க முடியுமா? அங்கேதான் குழாய் இல்லாத டிரையர் வருகிறது.

இதில் காற்று வெளியே போவதில்லை. சூடான காற்று துணியிலிருந்து ஈரத்தை வாங்கிக்கொண்டு ஒரு குளிர்ந்த பரப்பில் மோதும். ஈரம் தண்ணீராகச் சொட்டிச் சாக்கடைக்குப் போகும். காற்று மறுபடி சூடாகித் துணிக்குத் திரும்பும். ஆவியைத் தனி இடத்தில் குளிரவைக்கும் வித்தை, 1765ல் ஜேம்ஸ் வாட் நீராவி எந்திரத்துக்காகக் கண்டுபிடித்தது. அந்தப் பரப்பைக் குளிர்விக்கப் பல வாஷர் டிரையர்கள் குழாய்த் தண்ணீரையே ஓடவிடுகின்றன. தொட்டித் தண்ணீர் வெதுவெதுப்பாக இருந்தால் வேலை மந்தம்.

இன்னொரு வகை, ஹீட் பம்ப். ஃபிரிட்ஜ் மாதிரி ஒரு பக்கம் குளிர்ந்து காற்றிலிருந்து தண்ணீரைப் பிரிக்கும். அங்கே பிடித்த சூட்டையே மறுபக்கம் காற்றுக்குத் திருப்பிக் கொடுக்கும். முதலீட்டைச் சுற்றிச் சுற்றிப் பயன்படுத்துவதால் கரண்ட் மிச்சம். 1850களில் ஆஸ்திரியாவில் ரிட்டிங்கர் என்ற பொறியாளர் உப்புத் தண்ணீரைக் காய்ச்சுவதற்கு இந்த முறையைக் கையாண்டார். துணி காயவைக்க ஐரோப்பாவில் ஏஇஜி நிறுவனம் 1997ல் கொண்டுவந்தது.

சரி, என் மிஷின் ஏன் சொதப்பியது? கணக்குப் போட்டேன். 1000 சுற்றில் பிழிந்த 5 கிலோ பருத்தித் துணியில் இன்னும் சுமார் 3 லிட்டர் தண்ணீர் இருக்கும். ஒரு லிட்டரை ஆவியாக்கவே 0.67 யூனிட் வேண்டும். என் மிஷின் துவைப்பது 8 கிலோ, காயவைப்பது 5 கிலோ என்று கையேட்டிலேயே போட்டிருக்கிறது. நானோ எட்டு கிலோவையும் அப்படியே ஓடவிட்டேன். டிரம்மில் இடமில்லாமல் துணி புரளாது, புரளாத துணிக்குள் காற்று நுழையாது. லோன் பேப்பரில் பொடி எழுத்தைப் படிக்கச் சொல்லி ஊருக்கெல்லாம் உபதேசம் செய்கிற ஆபீசர், தன் வீட்டுக் கையேட்டைப் படிக்கவில்லை. அதற்கு விலை கொடுத்தது அம்மாவின் மூச்சு.

இப்போது துவைத்ததும் பாதியை எடுத்துவிடுகிறோம், அது அடுத்த ஈடு. பிழிவது முழு வேகத்தில். ஜீன்ஸும் துண்டும் தனி, மெல்லிய துணி தனி. முடிந்ததும் கதவைத் திறந்து உடனே உதறிப் போடவேண்டும். சூட்டோடு தொட்டால் ஈரம் போலத்தான் தெரியும், ஆறியபின் தொட்டுப் பார்த்தால்தான் நிஜம் தெரியும்.

ஹாலில் கொடியைக் கழற்றியாகிவிட்டது. ஆணி மட்டும் இருக்கிறது. போனில் அதை இரண்டு தடவை கேட்டு உறுதி செய்துகொண்ட பிறகுதான், வருகிற ஜூலைக்கு டிக்கெட் போடச் சொன்னார்கள் அம்மா.

பி.கு: பஞ்சு சேரும் ஃபில்டர் உங்கள் மிஷினில் எங்கே இருக்கிறது என்று இன்றைக்கே தேடிப் பாருங்கள். நான் மூணு வருஷம் கழித்துத் தேடினேன் :-(