சியோனான் நகரின் தளபதி

1942 பிப்ரவரி 15ல் சிங்கப்பூர் வீழ்ந்தது. ஊர் சியோனான் ஆனது. வென்றவர் யமாஷித்தா. காவற்படைத் தளபதியாக நகரைக் கையில் வாங்கியவர் மேஜர் ஜெனரல் கவாமுரா. நம்மில் பலருக்கு முன்னவர் பெயர்தான் தெரியும்.

பிப்ரவரி 17ல் ஃபேரர் பார்க் திடலில் சுமார் 45,000 இந்திய வீரர்கள் ஜப்பானியரிடம் ஒப்படைக்கப்பட்டனர். அவர்களிடம் இந்திய விடுதலை பேசப்பட்டது. மறுநாளே கவாமுராவின் பொறுப்பில் சீன ஆண்களைச் சலித்தெடுக்கும் வேலை தொடங்கியது. அதற்கான இடங்களில் ஒன்று ஜாலான் புசார். திடலிலிருந்து நடந்தே போய்விடலாம், அவ்வளவு பக்கம்! முத்திரை பெற்றவர்கள் வீடு திரும்பினர். சந்தேகிக்கப்பட்டவர்கள் லாரியில் ஏற்றப்பட்டனர். கொல்லப்பட்டோர் 5,000 என்றது ஜப்பானியத் தரப்பு. சீனர் கணக்கு 50,000 வரை போகிறது.

1947ல் விக்டோரியா நினைவு மண்டப விசாரணையில், மேலிடத்து உத்தரவு என்று வாதிடப்பட்டது. எழுவரில் இருவருக்கே தூக்கு. அதில் ஒருவர் கவாமுரா. உத்தரவிட்ட யமாஷித்தாவோ, 1946லேயே மணிலா வழக்கில் தூக்கிலிடப்பட்டிருந்தார்.