எரியும் நிலமும் எரியாமல் கரையும் நிலமும்: நாடுவாரித் தீக் கணக்கு குறித்து

காட்டுத்தீயால் வெளியாகும் பசுமை இல்ல வாயுக்களை நாடுவாரியாக ஒப்பிடும் பட்டியல்கள், எரிந்த இடம் எந்த நாட்டின் எல்லைக்குள் இருந்தது என்பதையே பெரிதும் அளவுகோலாகக் கொள்கின்றன. எரிந்தது எத்தகைய நிலம், தீக்கு முன் அதற்கு என்ன செய்யப்பட்டது என்பவை விடுபட்டால் அந்த ஒப்பீடு எவ்வளவு பிறழும் என்பதற்கு, மலேசியாவின் ஜொகூர் மாநிலத்தில் உள்ள யோங் பெங்கும் அதன் மேற்கே கடற்கரை வரை விரியும் தாழ்நிலமும் நல்ல சான்றாகும்.

2013 ஜூன் 23 அன்று, யோங் பெங்கிற்கு மேற்கே ஏறத்தாழ 50 கிலோமீட்டரில் உள்ள மூவாரில் காற்றுத் தூய்மைக்கேட்டுக் குறியீடு 746ஐத் தொட்டது. 300ஐக் கடந்தாலே அபாய நிலை; அங்கே அவசரநிலை அறிவிக்கப்பட்டது. புகை வந்தது மலாக்கா நீரிணைக்கு அப்பால், சுமத்ராவின் ரியாவ் மாகாணத்திலிருந்து. டேவிட் காவோவும் உடனாய்வாளர்களும் 2014இல் வெளியிட்ட ஆய்வின்படி, அங்கே எரிந்த சுமார் 1,63,000 ஹெக்டேரில் 84 விழுக்காடு கரிச்சதுப்பு, அதாவது நீரில் மூழ்கியிருந்ததால் மட்காமல் பல்லாயிரம் ஆண்டுகளாகத் தேங்கிய தாவரப் படிவு. வெளியான வாயு 17.2 கோடி டன் கார்பன் டைஆக்சைடுக்கு நிகர். பிழை வரம்பு 5.9 கோடி டன். எரிந்த பரப்பின் பெரும்பகுதி முன்பே காடழிக்கப்பட்டிருந்தது. இந்த அளவு முழுவதும் இந்தோனேசியாவின் கணக்கில் சேர்கிறது; மூவார் மக்கள் சுவாசித்த நுண்துகளோ எந்தப் பசுமை இல்லப் பட்டியலிலும் இல்லை.

எரிபரப்பை மட்டும் பார்த்தால் ஆப்பிரிக்கப் புல்வெளிகளே முன்னிற்கும். ஆனால் அங்கே எரிந்த புல் அடுத்த மழையில் தழைத்து, வெளியேறிய கார்பனைத் திரும்ப இழுத்துக்கொள்கிறது. கரிச்சதுப்புக்கு அந்த மீட்சி மனித ஆயுட்கால அளவில் இல்லை. கனடாவில் 2023இல் எரிந்த காடுகள் சுமார் 64.7 கோடி டன் கார்பனை வெளியிட்டதாக மதிப்பிடப்பட்டுள்ள போதிலும், அந்நாடு இயற்கைச் சீற்றத்தால் விளைந்தவற்றைத் தன் அலுவல்முறைக் கூட்டுத்தொகையில் சேர்ப்பதில்லை. ஒப்பிடுபவர் இதைக் கவனியாவிட்டால், ஒரே வகை எண்களை அருகருகே வைத்துள்ளதாகத் தவறாக நம்பிவிடுவார்.

இதைவிடப் பெரிய விடுபடல் ஜொகூரிலேயே உள்ளது. செம்பனை நடுவதற்காகக் கரிச்சதுப்பில் கான் வெட்டி நீரை வடித்ததும், காற்றுப் படும் படிவு தீயின்றியே மட்கி வாயுவாகிறது. நிலம் தாழ, வேர்ப்பிடிப்பை இழந்த மரங்கள் சாய்கின்றன. மேற்கு ஜொகூரில் இத்தாழ்வு ஆண்டுக்குச் சுமார் 2 சென்டிமீட்டர் என வோஸ்டன் குழுவினர் 1997இல் பதிவுசெய்தனர். ஐ.நா. பருவநிலைக் குழுவின் 2013ஆம் ஆண்டு வழிகாட்டி, இத்தகைய செம்பனை நிலத்துக்கு ஹெக்டேருக்கு ஆண்டுதோறும் 11 டன் கார்பனை, அதாவது ஏறத்தாழ 40 டன் கார்பன் டைஆக்சைடை இயல்பளவாகக் கொள்கிறது. ஒரு நடவின் ஆயுள் 25 ஆண்டு எனக் கொண்டால் ஹெக்டேருக்கு 1,000 டன். ரியாவ் தீயின் அளவை எரிந்த பரப்பால் வகுத்தாலும் ஏறத்தாழ இதே எண்தான் கிடைக்கிறது. பிழை வரம்புகள் அகலமானவை; எனினும் இரண்டும் ஒரே படிநிலையைச் சேர்ந்தவை என்பதில் ஐயமில்லை.

2002இல் கோலாலம்பூரில் கையொப்பமாகி, இந்தோனேசியா 2014இல்தான் ஏற்புறுதி அளித்த ஆசியான் எல்லைகடந்த புகைமூட்ட உடன்படிக்கை, பெயருக்கேற்பப் புகையையே குறிவைக்கிறது. நிலத்தடி நீர் 40 சென்டிமீட்டருக்குக் கீழே இறங்கிய கரிச்சதுப்பைச் சேதமுற்றதாகக் கருதும் இந்தோனேசியாவின் 2016ஆம் ஆண்டு விதியோ, தீயையும் மட்குதலையும் ஒருசேரத் தொடுகிறது. தீயை மட்டும் எண்ணும் பட்டியலில், அவ்விதியால் விளையும் பயனில் ஒரு பகுதி பதிவாகாது. மேற்கு ஜொகூரின் கான்கள் வழியே கரையும் கார்பனோ சிறிதும் பதிவாகாது.