தங்க வயலின் தண்ணீர்

கோலார் தங்க வயல் என்றதும் எவரும் தங்கத்தைப் பற்றியே பேசுவர். நாம் தண்ணீரைப் பற்றிப் பேச விழைகிறோம்.

1880-ல் ஜான் டெய்லர் கம்பெனியார் சுரங்கப் பணியில் இறங்கிய பின், வட ஆர்க்காட்டிலிருந்தும் சேலத்திலிருந்தும் நம்மவர் ஆயிரக்கணக்கில் அங்குக் குடியேறினர். வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லாத அம்மேட்டு நிலத்தில் அத்தனை பேருக்கும் குடிநீர் ஏது? அருகிலுள்ள பேத்தமங்கலத்தில் பாலாற்று நீர் தேங்கிய ஏரியே கைகொடுத்தது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அந்நீர் வடிகட்டப்பெற்றுக் குழாய் வழியே வயலை அடைந்தது. வட ஆர்க்காட்டார் தம் ஊர்ப் பாலாற்றையே மைசூர்ச் சமஸ்தானத்திலும் பருகினர் என்பது எண்ணுந்தோறும் இனிக்கிறது!

2001 பிப்ரவரி 28 அன்று சுரங்கங்கள் மூடப்பெற்றன. மழை பொய்த்த ஆண்டுகளில் ஏரியும் வறண்டது. மக்கள் ஆழ்துளைக் கிணறுகளை நாடினர். கோலார் மாவட்டத்து நிலத்தடி நீரிலோ பல இடங்களில் உப்பும் ஃப்ளூரைடும் மிகுதி. நீரில் கரைந்துவிட்ட உப்பை மணல் வடிகட்டி தடுக்காது. நீரை அழுத்திச் செலுத்த, உப்பைத் தடுத்து நிறுத்தும் மென்சவ்வு வேண்டும். அத்தகைய சவ்வை 1960-ஐ ஒட்டிக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் சிட்னி லோப் என்பாருடன் சேர்ந்து உருவாக்கியவர், இந்தியாவில் பிறந்த சீனிவாச சௌரிராஜன். 1965-ல் அம்மாநிலத்துக் கோலிங்கா நகரில் உவர்நீர் இம்முறையால் குடிநீராயிற்று. இன்று கர்நாடக ஊர்களில் நாணயம் இட்டால் அத்தகைய நீர் குடத்தில் விழுகிறது.

ஆயினும் உட்சென்ற நீரில் ஒரு பகுதி, முன்னிலும் உவர்ப்பேறி வெளியே தள்ளப்படுகிறது. அதனைத் தெருவோரத்தில் விட்டால், அது மீண்டும் அதே நிலத்துக்குள்தான் இறங்கும்.