சுன்னாகம்: சந்தையும் சபையும்

ஓர் ஊரின் வரலாற்றை எழுதப் புகுவோர் பெரும்பாலும் அரசர்களையும் போர்களையும் தேடிச் செல்வர். சந்தையால் வளர்ந்த சிறு பட்டினங்களுக்கு அத்தகைய வரலாறு வாய்ப்பதில்லை. அவற்றின் கதை கிணற்றடியிலும், நாற்சந்தியிலும், சந்தைக் கொட்டகையிலும், அவற்றைப் பரிபாலிக்கும் சபையின் கூட்டக் குறிப்பேட்டிலும் அடங்கிக் கிடக்கின்றது. யாழ்ப்பாணக் குடாநாட்டின் நடுப்பகுதியிலுள்ள சுன்னாகம் அத்தகையதொரு பட்டினம். அதன் நிலவியல்பையும், பழைமையையும், ஆட்சி முறையையும் ஒருங்கே நோக்கின், ஊரை ஆள்வது யார் என்னும் கேள்வி எத்துணை முக்கியமானது என்பது புலனாகும்.

நிலமும் நீரும்

யாழ்ப்பாண நகரிலிருந்து காங்கேசன்துறைக்குச் செல்லும் பெருவீதியில், வடக்கே ஏறக்குறைய 10 கிலோமீற்றர் தொலைவில் சுன்னாகம் அமைந்துள்ளது. கிழக்கே புத்தூருக்குச் செல்லும் வீதி இவ்விடத்திலேயே பிரிகின்றது. மேற்கே கந்தரோடையும், தெற்கே உடுவில், இணுவில் ஆகிய ஊர்களும், வடக்கே மல்லாகமும் அயலூர்களாம். கிழக்கிலும் வடகிழக்கிலும் ஏழாலை, குப்பிழான், புன்னாலைக்கட்டுவன் முதலிய செம்மண் கிராமங்கள் பரந்து கிடக்கின்றன.

குடாநாட்டில் வற்றாத ஆறு ஒன்றேனும் இல்லை. இந்நிலத்தின் அடியிற் கிடப்பது சுண்ணாம்புப் பாறை. ஐப்பசி, கார்த்திகை மாதங்களிற் பொழியும் வடகீழ்ப் பருவ மழை அப்பாறையின் வெடிப்புகளினூடாக இறங்கி, அடியிலுள்ள உவர்நீரின் மேல் நன்னீராக மிதந்து நிற்கின்றது. அந்நன்னீரே நம் கிணறுகளில் ஊறுவது. துலா மிதித்துப் பட்டையால் இறைத்த காலத்திலும், இயந்திரத்தால் இறைக்கும் இக்காலத்திலும், தோட்டத்திற்கும் குடிப்பதற்கும் நீர் இஃதொன்றே. மழையை எளிதில் உள்வாங்கும் அப்பாறை, அதனோடு கலந்து வரும் அழுக்கையும் அவ்வாறே உள்வாங்கும். இவ்வுண்மையை வாசகர்கள் மனத்திற் கொள்ள வேண்டும். அதன் பயனைப் பின்னர்க் காண்போம்.

பழைமையும் புலமையும்

சுன்னாகத்தின் மேற்கு எல்லையை அடுத்துள்ள கந்தரோடையில் 1917ஆம் ஆண்டு தொடக்கம் போல் பீரிஸ் என்பார் ஆராய்ச்சி நடாத்திப் பழைய நாணயங்களையும் மணிகளையும் கட்டட எச்சங்களையும் வெளிப்படுத்தினார். உரோம நாணயங்களும் அங்கே கிடைத்தன. 1970இல் பென்சில்வேனியாப் பல்கலைக்கழகத்தார் அங்கு நடாத்திய அகழ்வு, இரும்புக் காலத்திலேயே மக்கள் அவ்விடத்திற் குடியிருந்தமையை உறுதிப்படுத்தியது. கடற்கரையில் அன்றிக் குடாநாட்டின் உள்ளே, நன்னீரும் விளைநிலமும் கூடும் இடத்திலே, ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்னரே பண்டமாற்று நிகழ்ந்திருக்கின்றது. இன்றைய சந்தைப் பட்டினம் அப்பழைய குடியிருப்பின் அயலிலே எழுந்தது வியப்பன்று; நிலம் அதே நிலம், நீர் அதே நீர்.

ஒல்லாந்தர் காலத்தில் இவ்வூரில் வாழ்ந்த வரதபண்டிதர் இயற்றிய பிள்ளையார் கதை இன்றும் யாழ்ப்பாணத்துக் கோயில்களிற் படிக்கப்படுகின்றது. அவருக்குப் பின், 1854 முதல் 1922 வரை வாழ்ந்த அ. குமாரசுவாமிப் புலவர் தம் இலக்கணப் புலமையாலும் 'தமிழ்ப் புலவர் சரித்திரம்' முதலிய நூல்களாலும் சுன்னாகம் என்னும் பெயரைத் தமிழ்நாட்டிலும் அறியச் செய்தார்.

புகையிரதமும் சந்தையும்

1902ஆம் ஆண்டு பங்குனி மாதத்தில் காங்கேசன்துறைக்கும் சாவகச்சேரிக்கும் இடையே புகையிரதம் ஓடத் தொடங்கியது. 1905இல் அப்பாதை கொழும்போடு இணைந்தது. சுன்னாகத்துத் தரிப்பிடம் சந்தைக்கு அணித்தாக அமைந்தமையால், செம்மண் தோட்டங்களில் விளைந்த வெங்காயமும், புகையிலையும், மரக்கறியும், வாழைக்குலையும், பனங்கட்டி, ஒடியல், கடகம், பாய் முதலிய பனம்பொருள்களும் இங்குக் குவிந்து தென்னிலங்கைக்கும் செல்லும் வழி திறந்தது. வீதியும் இருப்புப்பாதையும் கூடிய இடத்தில் வண்டிக்காரரும் தரகரும் வணிகரும் கூடினர். கூட்டம் பெருகக் கடைகளும் பெருகின.

சந்தை வளர்ந்த இடத்திலே அச்சுக்கூடமும் வளர்ந்தது. நா. பொன்னையா அவர்கள் இங்கு நிறுவிய திருமகள் அழுத்தகம் பல தமிழ் நூல்களை வெளியிட்டது. 1930இல் அவர் தொடங்கிய 'ஈழகேசரி' வாரப் பத்திரிகை 1958 வரை இப்பட்டினத்திலிருந்தே வெளிவந்தது. ஈழத்து நவீன இலக்கியத்தின் முதல் தலைமுறை எழுத்தாளர் பலர் அதன் பக்கங்களிலேயே எழுதப் பழகினர். வெங்காய மூட்டை ஏறிய அதே தரிப்பிடத்திலிருந்தே பத்திரிகைக் கட்டும் ஊரூராகச் செல்லக் கூடியதாயிற்று.

சபையின் கதை

இனி ஆட்சி முறையை நோக்குவோம். ஆங்கிலேயர் 1871இல் இயற்றிய கிராமச் சமுதாயக் கட்டளைச் சட்டம் கிராமச் சங்கங்களுக்கு வழிவகுத்தது. 1892இன் சட்டம் சிறு பட்டினங்களின் துப்புரவைக் கவனிக்கச் சுகாதாரச் சங்கங்களை உண்டாக்கியது. அச்சங்கத்திற்கு அரசாங்க அதிபரே தலைவர். குப்பை அள்ளுவதும் சந்தையைத் துப்புரவாக வைத்திருப்பதும் மேலிருந்து வந்த கட்டளைகளாகவே இருந்தன. மக்களைக் கேட்டு நடக்கும் முறை மெல்ல மெல்லவே வந்தது. 1946ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கப் பட்டினசபைச் சட்டம் சிறு பட்டினங்களுக்கு மக்களாற் தெரியப்பட்ட சபைகளை அளித்தது. சுன்னாகமும் பட்டினசபையாயிற்று.

பட்டினசபை என்பது பெரிய அதிகாரம் படைத்த ஒன்றன்று. சோலைவரி, கடை வாடகை, சந்தைக் குத்தகை, உத்தரவுப் பத்திரக் கட்டணம் என்பனவே அதன் வருவாய். வீதி, விளக்கு, வடிகால், சந்தை, நூல் நிலையம் என்பனவே அதன் கடமை. ஆயினும் ஒவ்வொரு வட்டாரத்திற்கும் ஓர் உறுப்பினர் இருந்தார். வடிகால் அடைத்தாலோ விளக்கு எரியாவிட்டாலோ யார் வீட்டுப் படலையைத் தட்டுவது என்பதை ஊரார் அறிந்திருந்தனர். சந்தையில் வந்த பணம் சந்தைக்கும் அதைச் சூழ்ந்த வீதிகளுக்கும் செலவாகின்றதா என்று கேட்கும் உரிமையும் அவர்களுக்கு இருந்தது.

1981இல் மாவட்ட அபிவிருத்திச் சபைகள் வந்தபோது, நாடெங்குமிருந்த 83 பட்டினசபைகளும் 549 கிராமசபைகளும் ஒருங்கே ஒழிக்கப்பட்டன. சுன்னாகம் பட்டினசபையும் அவற்றோடு மறைந்தது. பின்னர் 1987ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டத்தின்படி 1988 தை முதல் பிரதேச சபைகள் தோன்றின. சுன்னாகம் இன்று வலிகாமம் தெற்குப் பிரதேச சபையின் ஒரு பகுதி. சபையின் தலைமைப் பணிமனை சுன்னாகத்தில் இருப்பினும், பட்டினம் தனக்கென ஒரு சபை உடையதன்று. உடுவில், இணுவில், ஏழாலை, குப்பிழான் முதலிய கிராமங்களும் அதே சபைக்குள் அடங்கும்.

இம்மாற்றத்தை முற்றிலும் தீமை என்று சொல்லுதல் பொருந்தாது. சந்தை பட்டினத்தார்க்கு மட்டும் உரியதன்று. அதனை உயிர்ப்பிப்பவர் கிராமத்துத் தோட்டக்காரர். அவர்களும் பட்டினத்தாரும் ஒரே சபையில் அமர்வது நியாயமே. குடாநாட்டுச் சந்தைகளில் நூறு கிலோவுக்குப் பத்துக் கிலோவைக் கழிவு என்று கழிக்கும் வழக்கத்தை எதிர்த்துத் தோட்டக்காரர் குரல் எழுப்பியபோது, அதனைக் கேட்க வேண்டிய இடமும் இச்சபைகளே ஆயின. எனவே குறை சபையின் பரப்பில் இல்லை. சபை இல்லாதிருந்த காலத்திலேயே உளது.

கணக்கைப் பாருங்கள். பட்டினசபை ஒழிந்த 1981 தொடக்கம் 2025 வரை 44 ஆண்டுகள். இக்காலத்துள் சுன்னாகத்து மக்கள் தம் உள்ளூர்ச் சபைக்கு வாக்களித்தது நான்கே முறை: 1998, 2011, 2018, 2025. போர்க்காலத்தில் தேர்தல் நடைபெறவில்லை. 1995 ஐப்பசியின் இறுதியில் வலிகாமத்து மக்கள் அனைவரும் ஒரே இரவில் தென்மராட்சி நோக்கி இடம்பெயர்ந்தபோது, சபை மட்டுமன்று, ஊரே வெறுமையாயிற்று. 1990இல் நின்ற புகையிரதம் 2015 தையிலேயே மீண்டும் காங்கேசன்துறை வரை ஓடியது. போர் முடிந்த பின்னரும், 2018இல் தெரிவான சபைகளின் காலம் 2023 பங்குனியில் முடிய, 2025 வைகாசி வரை மக்கள் பிரதிநிதிகள் இன்றிச் செயலாளர்களே சபைகளை நடாத்தினர். 2018 முதல் வட்டார முறை மீண்டும் வந்திருப்பது ஓர் ஆறுதல்; படலையைத் தட்ட ஒரு வீடு மறுபடியும் கிடைத்திருக்கின்றது.

கிணறு கற்பித்த பாடம்

சபை இல்லாமையால் வரும் இழப்பு யாது என்று இளைஞர் சிலர் வினவலாம். அதற்கு விடை கிணற்றிலே கிடக்கின்றது.

1950களின் பிற்பகுதி முதல் சுன்னாகத்தில் மின்நிலையம் உண்டு. குடாநாடு போரால் துண்டிக்கப்பட்டிருந்த காலத்தில், எண்ணெயால் இயங்கும் இயந்திரங்களே இங்கு ஒளி தந்தன. அந்நன்றியை மறத்தலாகாது. ஆயினும் அச்சூழலில் வெளியேறிய கழிவெண்ணெய் நிலத்தில் இறங்கிற்று. நாம் முன்னர்க் கண்ட சுண்ணாம்புப் பாறை அதனைத் தடுக்கவில்லை. சுற்றாடலிலுள்ள கிணறுகளில் எண்ணெய் மிதந்தது. தலைமுறை தலைமுறையாக நீர் அள்ளிய வீடுகளுக்குப் பவுசர் வண்டியிற் குடிநீர் கொண்டுவர வேண்டியதாயிற்று. 2015இல் தொடரப்பட்ட வழக்கில், 2019 சித்திரையில் நாட்டின் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்து, மின்னுற்பத்தியில் ஈடுபட்ட தனியார் நிறுவனம் பாதிக்கப்பட்ட மக்களுக்கு 2 கோடி ரூபா நட்டஈடு வழங்க வேண்டுமெனப் பணித்தது.

நீதி கிடைத்தது நன்று. ஆனால் கிணற்றைக் காக்கும் வேலை நீதிமன்றத்தில் தொடங்க வேண்டியதன்று. எண்ணெய் நாற்றத்தை முதலில் உணர்ந்தவள் நீர் அள்ளச் சென்ற ஒரு தாயாக இருப்பாள். அவள் சொல்லை அன்றே கேட்டு, ஊழியரை அனுப்பி, நீரைச் சோதித்து, உரியவரை அழைத்து வினவுதற்கு அணித்தாக ஒரு சபை வேண்டும். பொதுச் சுகாதாரமே உள்ளூர்ச் சபையின் முதற் கடமை என்று சட்டமும் கூறுகின்றது. அச்சபை மக்களாற் தெரியப்பட்டதாய், மக்களுக்கு அஞ்சுவதாய் இருந்தால் அன்றோ அக்கடமை நிறைவேறும்?

நம் கடமை

அன்பர்களே, வரதபண்டிதரையும் குமாரசுவாமிப் புலவரையும் ஈழகேசரியையும் சொல்லி நாம் பெருமை கொள்கின்றோம். அப்பெருமை தக்கதே. ஆனால் அவர்களைத் தாங்கியது இந்த நிலமும் நீரும் சந்தையும் என்பதை மறந்தால் அப்பெருமை வெறும் பேச்சாகும். நமது சபை மாதந்தோறும் கூடுகின்றதா, சந்தைக் குத்தகை என்ன தொகைக்குப் போகின்றது, அப்பணம் எங்கே செல்கின்றது, நம் வட்டாரத்துக் கிணறுகளின் நீர் சோதிக்கப்படுகின்றதா என்பவற்றை அறிந்த இளைஞர் நம்முள் எத்தனை பேர்?

பழைய பட்டினசபைக் காலத்து ஏல அறிவித்தல்களும், வரிச் சிட்டைகளும், ஈழகேசரிப் பிரதிகளும் இன்னும் சில வீட்டுப் பெட்டகங்களில் இருக்கக்கூடும். அவற்றைக் கறையான் தின்னுமுன் தேடி எடுத்து நூல் நிலையத்திற் சேர்ப்பது இளைஞர் செய்யத்தக்க முதற் பணி. சபை கூடும் நாளிற் சென்று அமர்ந்து கேட்பது இரண்டாவது பணி. கிணற்றைத் தூர்வாரி வைப்பவர்க்கே ஊற்று. சபையைக் கவனித்து வைப்பவர்க்கே ஊர்.